மாற்றக்கூடிய பில்டர் கார்ட்ரிட்ஜ் வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர், எண்ணெய், ரசாயனக் கரைசல், அழுத்தக் காற்று, தூசிக் காற்று என எதை வடிகட்டினாலும் கார்ட்ரிட்ஜின் உறுப்புகள் பெரும்பாலும் ஒன்றுதான்: வடிகட்டும் மீடியா, அதைத் தாங்கும் உள் கோர், வெளிக் கூடு, இரு முனைகளிலும் எண்ட் கேப், ஹவுசிங்கோடு (கார்ட்ரிட்ஜ் உட்காரும் உறை) பொருந்தும் சீல். இவற்றை வடிவமைப்பவர்களும் தேர்ந்தெடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே.

புதிதாக வடிவமைக்க உட்கார்ந்தால் எதில் தொடங்குவது?

சீலில். பலரும் மீடியா கேட்டலாக்கைத்தான் முதலில் திறக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆயிரம் துகள் வந்தால் ஒன்றை மட்டும் விடும் நல்ல மீடியாவை வாங்குகிறீர்கள், அதாவது 99.9 சதவீதம். ஓ-ரிங் (வட்ட ரப்பர் வளையச் சீல்) ஓரமாக மொத்த ஓட்டத்தில் 1 சதவீதம் வடிகட்டாமல் நழுவுகிறது. இப்போது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 11 துகள் தாண்டிப் போகும். கார்ட்ரிட்ஜின் திறன் 98.9 சதவீதமாகிவிட்டது. மீடியாவுக்கு இருமடங்கு விலை கொடுத்தாலும் இந்த 98.9 நகராது. மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் என்பதால் அந்தச் சீலை நூறு முறை வேறு வேறு கைகள் பிரித்துப் பூட்டப் போகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன விவரங்கள் கையில் இருக்க வேண்டும்?

சராசரி ஓட்டம் போதாது, உச்ச ஓட்டம் வேண்டும். ஓட்டம் சீரானதா, பம்ப் நின்று நின்று ஓடுகிறதா என்பதும் தெரிய வேண்டும். வேலை வெப்பநிலையோடு, குளிர்ந்த நிலையில் இயந்திரம் கிளம்பும்போது இருக்கும் பாகுத்தன்மையையும் கேளுங்கள். 46-ஆம் கிரேடு ஹைட்ராலிக் எண்ணெய் 40 டிகிரி செல்சியஸில் 46 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு). அதே எண்ணெய் 10 டிகிரியில் 200-ஐத் தாண்டிவிடும். மீடியாவில் ஏற்படும் அழுத்த இழப்பு பாகுத்தன்மைக்கு நேர் விகிதத்தில் ஏறும் என்பதால், வெப்பமான எண்ணெயில் 0.3 பார் காட்டிய கார்ட்ரிட்ஜ் குளிர்ந்த காலையில் 1.3 பாருக்கு மேல் காட்டும்.

ஓடும் திரவத்தோடு, ஹவுசிங்கைக் கழுவப் பயன்படுத்தும் ரசாயனத்தையும் கேட்க மறக்க வேண்டாம். கார்ட்ரிட்ஜ் தாங்காமல் போவது பெரும்பாலும் அந்தக் கழுவலில்தான்.

பெட்டியில் ‘5 மைக்ரான்’ என்று இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்த எண் தனியாக நின்றால் அர்த்தம் ஒன்றும் இல்லை. ‘நாமினல்’ மைக்ரான் என்பது தயாரிப்பாளர் தானே வைத்துக்கொண்ட அளவு. ஒருவர் 60 சதவீதம் பிடித்தாலே 5 மைக்ரான் என்று அச்சடிப்பார், இன்னொருவர் 90 சதவீதம் பிடித்தால்தான் அச்சடிப்பார். இரண்டுமே பொய்யல்ல.

ஒப்பிடுவதற்குப் பீட்டா விகிதம் வேண்டும். ஒரு அளவும் அதற்கு மேலும் உள்ள துகள்களை கார்ட்ரிட்ஜுக்கு முன்னும் பின்னும் எண்ணி, முன் எண்ணிக்கையைப் பின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. பீட்டா 2 என்றால் பாதியைப் பிடிக்கிறது. 75 என்றால் 98.7, 200 என்றால் 99.5, 1000 என்றால் 99.9, 5000 என்றால் 99.98 சதவீதம். ஹைட்ராலிக் எலிமெண்ட்களுக்கு இதை அளக்கும் முறை ஐ.எஸ்.ஓ. 16889. வரைபடத்தில் ‘5 மைக்ரான், பீட்டா 1000’ என்று எழுதினால்தான் சப்ளையர் தப்பிக்க வழியில்லை.

திரவத்துக்கும் வாயுவுக்கும் ஒரே மீடியாவைப் போடலாமா?

போடலாம், ஆனால் அதே மீடியா இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. காற்றில் மிகச் சிறிய துகள்கள் மூலக்கூறுகளால் இடிபட்டுத் தாறுமாறாக அலைகின்றன. நேராகப் போயிருந்தால் இடுக்கில் நுழைந்து தப்பியிருக்கும், அலைவதால் இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. பெரிய துகள்கள் காற்று வளையும் இடத்தில் வளைய முடியாமல் நேரே போய் மோதுகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள 0.1 முதல் 0.3 மைக்ரான் வரையிலான துகள்தான் அதிகம் தப்புகிறது. ஹெப்பா வடிகட்டிகளை (மிக நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் காற்று வடிகட்டிகள்) அந்த அளவிலேயே சோதிப்பது இதனால்தான். ஐரோப்பிய தரமான இ.என். 1822-இல் எச்13 வகுப்பு அந்த மோசமான அளவில் 99.95 சதவீதம் பிடிக்க வேண்டும், எச்14 என்றால் 99.995.

திரவத்தில் இந்த அலைச்சல் மிகக் குறைவு, ஒட்டும் விசையும் பலவீனம். ஆகவே துளை அளவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. திரவத்துக்கு 0.2 மைக்ரான் என்று மதிப்பிட்ட அதே மெம்பிரேன் (நுண்துளைச் சவ்வு), உலர்ந்த வாயுவில் அதைவிட மிகச் சிறிய துகள்களையும் பிடிக்கும். மறுபக்கம் பார்த்தால், காற்றில் பிரமாதமாக வேலை செய்த கண்ணாடி இழைத் தாளை அப்படியே தண்ணீருக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

ஓட்டம் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டுமா, உள்ளிருந்து வெளியே வர வேண்டுமா?

துகள் வடிகட்டி என்றால் வெளியிலிருந்து உள்ளே. வெளிப்பக்கம் பரப்பு அதிகம், அழுக்கு தங்க இடம் அதிகம், அழுத்தத்தைக் கோர் தாங்கிக்கொள்ளும்.

அழுத்தக் காற்றிலிருந்து எண்ணெய்த் திவலைகளைப் பிரிக்கும் கோலெஸர் மட்டும் நேர் எதிர். காற்று உள்ளிருந்து வெளியே போகும்போது பரப்பு கூடுகிறது, வேகம் குறைகிறது. மீடியாவில் சேர்ந்து பெருத்த துளிகள் வெளி அடுக்கின் வழியே கீழே வடிகின்றன. வேகம் குறையாவிட்டால் காற்று அந்தத் துளிகளைத் திரும்பக் கிளப்பிக்கொண்டு போய்விடும். கோலெஸரைத் தலைகீழ்த் திசையில் பூட்டினால் அழுத்த இழப்பு சரியாகவே காட்டும், எண்ணெய் மட்டும் கடந்து போகும். ஆகவே திசை அம்புக்குறியை எண்ட் கேப்பிலேயே வார்த்துவிடுங்கள். ஒட்டிய ஸ்டிக்கர் எண்ணெயில் கழன்றுவிடும்.

கோலெஸருக்கு இன்னொன்று: அளவு தேர்ந்தெடுக்கும்போது எண்ணெயில் ஊறிய நிலையின் அழுத்த இழப்பை எடுங்கள். உலர்ந்த நிலையின் எண் கேட்டலாக்கில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

மடிப்பு கார்ட்ரிட்ஜில் எத்தனை மடிப்பு வைப்பது?

உட்புறச் சுற்றளவுதான் வரம்பு, ஏனென்றால் மடிப்புகள் நெருங்குவது அங்கேதான். ஒரு 10 அங்குல மெம்பிரேன் கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம். கோரின் வெளி விட்டம் 36 மி.மீ., ஆகவே சுற்றளவு 113 மி.மீ. மெம்பிரேனும் இருபுறத் தாங்கு துணிகளும் சேர்ந்த தடிமன் 0.55 மி.மீ. ஒரு மடிப்புக்கு இரண்டு கால்கள், அதாவது 1.1 மி.மீ. இடித்து நிரப்பினால் 102 மடிப்பு வரும், 100 என்று வைப்போம். மடிப்பின் உயரம் 14 மி.மீ., பயனுள்ள நீளம் 240 மி.மீ. பரப்பு = 100 × 2 × 0.014 × 0.240, அதாவது 0.67 சதுர மீட்டர். சந்தையில் இந்த அளவில் கிடைப்பவையும் இதை ஒட்டியே இருக்கும்.

ஆனால் இது வரம்பு. சுத்தமான திரவத்துக்கு, வடிகட்டியின் வேலை எப்போதாவது வரும் பாக்டீரியாவைத் தடுப்பது என்றால் இந்த நெருக்கம் சரி. அழுக்கு நிறைய வரும் இடத்தில் 100 மடிப்பை 75 ஆக்கினால் பரப்பு கால்வாசி குறையும், ஆயுள் சில நேரம் கூடும். நெருக்கமான மடிப்புகளின் வாயை அழுக்கு மூடிவிட்டால் உள்ளே இருக்கும் பரப்பு சும்மா கிடக்கும். தீர்ந்த கார்ட்ரிட்ஜை அறுத்து மடிப்பை விரித்துப் பாருங்கள். நுனி கறுத்து, அடி வெள்ளையாக இருந்தால் மடிப்பு அதிகம் என்று பொருள்.

பரப்பை இரட்டிப்பாக்கினால் ஆயுளும் இரட்டிப்பாகுமா?

குறைந்தது இரட்டிப்பாகும். மொத்த ஓட்டத்தை மாற்றாமல் பரப்பை மட்டும் கூட்டினால், அழுக்கு பரவ இடம் கூடுவதோடு மீடியா வழியே போகும் வேகமும் பாதியாகிறது. மேற்பரப்பில் அடை படியும் வகை அழுக்கில் ஆயுள் 2 முதல் 4 மடங்கு வரை போகலாம். ஜெல்லி போன்ற, அமுங்கும் அழுக்கில் வேகத்தைக் குறைப்பதன் பலன் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஓட்டம் அதிகம் வேண்டும் என்று 10 அங்குலத்துக்குப் பதில் 40 அங்குலம் போட்டேன். எதிர்பார்த்த அளவு வரவில்லை, ஏன்?

மீடியா நான்கு மடங்கானது, வெளியேறும் துளை அதே 28 மி.மீ.தான். 10 அங்குலத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் போனால் துளையில் வேகம் நொடிக்கு சுமார் 1.1 மீட்டர். 40 அங்குலத்தில் 160 லிட்டர் போனால் 4.3 மீட்டர். அந்த வேகத்தால் வரும் தண்ணீரின் இயக்க அழுத்தம் மட்டுமே 0.09 பார். வளைவும் விரிவும் சேர்ந்தால் இழப்பு அதற்கு மேல். மீடியாவின் இழப்பு ஓட்டத்துக்கு நேர் விகிதம், துளையின் இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதம். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்கும் வரைபடத்தை நம்பி நீளத்தைக் கூட்டினால் இப்படித்தான் ஆகும். நீளத்தைவிட எண்ணிக்கையைக் கூட்டுவது, அல்லது 226 அளவு ஓ-ரிங்கோடு அகன்ற துளைக்குப் போவது நல்லது.

உருகி ஊதிய ஆழ வகையா, மடிப்பு வகையா?

அழுக்கு பல அளவில் கலந்து, நிறைய வந்தால் ஆழ வகை, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக ஊதிப் படியவைத்த தடித்த மீடியா. வெளியே தளர்வாகவும் உள்ளே இறுக்கமாகவும் இழை படிந்திருப்பதால் பெரியது வெளியிலும் சிறியது உள்ளேயும் தங்கும். இதன் பலவீனம், பம்ப் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் பிடித்த அழுக்கில் கொஞ்சத்தை விடுவது. கூழ் போன்ற, உருமாறும் துகள்களும் மெல்ல மெல்ல நழுவி உள்ளே வந்துவிடும். துல்லியமான வெட்டு வேண்டுமானால் மடிப்பு வகை. பல இடங்களில் முன்னால் ஆழ வகை, பின்னால் மடிப்பு வகை என்று இரண்டும் சேர்ந்தே போகின்றன.

தட்டையான கேஸ்கெட் போதுமா, ஓ-ரிங் அவசியமா?

இரு முனையும் திறந்து, தட்டை கேஸ்கெட்டில் ஹவுசிங்கின் கூர் விளிம்பு பதியும் வகை மலிவு, எளிது. சிக்கல் நீளத்தில் வருகிறது. ‘10 அங்குலம்’ என்ற ஒரே பெயரில் 248 மி.மீ. கார்ட்ரிட்ஜும் 254 மி.மீ. கார்ட்ரிட்ஜும் விற்கின்றன. 254-க்கு வடித்த, ஸ்பிரிங் இல்லாத ஹவுசிங்கில் 248-ஐப் போட்டால் 6 மி.மீ. ஆடும். அழுத்தமானி ‘கார்ட்ரிட்ஜ் சுத்தம்’ என்று காட்டிக்கொண்டே இருக்கும். அது சுத்தமாகத்தான் இருக்கும், ஏனென்றால் தண்ணீர் அதன் வழியே போகவே இல்லை. ஹவுசிங்கில் ஸ்பிரிங் வையுங்கள், அல்லது நீளத்தை வெளிப்படையாக மி.மீ.இல் எழுதுங்கள்.

பீட்டா எண்ணைப் பற்றிக் கவலைப்படும் எந்த இடத்திலும் ஒருமுனை திறந்த, ஆரத் திசையில் (பக்கவாட்டில்) அமுங்கும் ஓ-ரிங் வகையே சரி. அதில் நீளம் சற்று மாறினாலும் சீல் பாதிக்காது. 222 அளவு ஓ-ரிங்கின் உள்விட்டம் 37.69 மி.மீ., 226-க்கு 50.39 மி.மீ. இரண்டுக்கும் கயிற்றின் (வளையமாக வளைந்த ரப்பரின்) தடிமன் 3.53 மி.மீ.

ஓ-ரிங் பள்ளத்தின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

3.53 மி.மீ. கயிற்றுக்கு ஆழம் 2.90 மி.மீ. வைத்தால் அமுக்கம் 18 சதவீதம். காகிதத்தில் அருமை. இப்போது சகிப்பு அளவுகளைச் சேருங்கள். கயிறு 0.10 கூடலாம் குறையலாம். வார்த்த பாலிப்ரொப்பிலீன் பள்ளமும் ஹவுசிங் துளையும் சேர்ந்து ஆழத்தை 0.10 மாற்றலாம். மோசமான நிலையில் கயிறு 3.43, ஆழம் 3.00, அமுக்கம் 12.5 சதவீதம். கார்ட்ரிட்ஜ் ஒரு பக்கம் 0.15 மி.மீ. சாய்ந்து உட்கார்ந்தால் மறுபக்கம் ஆழம் 3.15, அமுக்கம் 8 சதவீதம்தான். எதிர் முனையில் கயிறு 3.63, ஆழம் 2.80 என்றால் 23 சதவீதம், கையால் தள்ளிப் பூட்டுவது கஷ்டம்.

அந்த 8 சதவீதத்தைக் காப்பாற்றத்தான் இரண்டு ஓ-ரிங் வைப்பதும், ஆட்டத்தைத் தடுக்க நீளமான வழிகாட்டிப் பகுதி வைப்பதும். துளையின் வாயில் 15 முதல் 20 டிகிரிச் சரிவு கட்டாயம். அது இல்லாவிட்டால் முதல் பூட்டலிலேயே ரப்பர் சீவப்படும்.

பாலிப்ரொப்பிலீன் சுருக்கம் 1.5 முதல் 2 சதவீதம். 40 மி.மீ. விட்டத்தில் 0.6 முதல் 0.8 மி.மீ. வரும். அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்து ஓகே சொல்ல வேண்டாம், ஒரு நாள் கழித்தும் அது சுருங்கிக்கொண்டிருக்கும்.

எந்த ரப்பர்?

எண்ணெய்க்கு நைட்ரைல். வெந்நீர், நீராவி, பிரேக் ஆயில் வகைக்கு இ.பி.டி.எம்., ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஓ-ரிங்கில் சும்மா தடவும் சாதாரண கிரீஸ்கூட அதைக் கெடுத்துவிடும், ஆகவே தண்ணீராலோ வடிகட்டும் திரவத்தாலோ நனையுங்கள். வைட்டான் வகை எரிபொருளுக்கும் பல கரைப்பான்களுக்கும் சரி, அசிட்டோன் போன்ற கீட்டோன்களுக்கும் அமீன்களுக்கும் சரியல்ல. சிலிக்கோன் வெப்பம் தாங்கும், வாயுவைக் கசிய விடும்.

எண்ட் கேப்பை ஒட்டுவதா, உருக்கிச் சேர்ப்பதா?

மீடியா, கோர், கேப் மூன்றும் பாலிப்ரொப்பிலீன் என்றால் உருக்கிச் சேர்ப்பதே நல்லது. பசை இல்லை, அதிலிருந்து கரைந்து வருவதும் இல்லை. கேப்பின் உட்புறம் 1 முதல் 2 மி.மீ. வரை உருகியதும் மீடியாவை அமிழ்த்தி, குளிரும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் மடிப்பு நுனியின் உள்ளே உருகல் ஏறாது. கூடினால் மீடியாவே உருகி ஓட்டை விழும். கண்ணாடி இழை, காகிதம், உலோக வலை உள்ளவற்றுக்குப் பாலியூரித்தேன் அல்லது எப்பாக்ஸி. பசை கெட்டியாகும் முன் மீடியாவுக்குள் ஊறி மேலேறும், அந்த உயரத்தைப் பயனுள்ள நீளத்தில் கழித்துவிடுங்கள்.

எவ்வளவு அழுத்த வேறுபாடு தாங்க வேண்டும்?

மாற்றும் எல்லை 2 முதல் 2.5 பார் என்று வைத்தால், நசுங்கும் எல்லை அதைப்போல் இரு மடங்காவது இருக்கட்டும், அதுவும் வேலை வெப்பநிலையில். பாலிப்ரொப்பிலீன் கோர் அறை வெப்பத்தில் 4 அல்லது 5 பார் தாங்கும், 80 டிகிரியில் அதில் பாதிகூடத் தாங்காது. தலைகீழ் அழுத்தம் இன்னொரு எமன். பம்ப் நின்றதும் குழாயில் மேலே நிற்கும் திரவம் பின்னோக்கி வந்தால், கோர் இருந்தும் மடிப்பு வெளியே பிதுங்கும். வெளிக் கூடு அலங்காரத்துக்கு அல்ல, இதற்காகத்தான்.

121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கம் செய்யும் கார்ட்ரிட்ஜ்களில் ஓ-ரிங் அடாப்டரின் (ஓ-ரிங் உட்காரும் முனைப் பகுதி) உள்ளே ஒரு உலோக வளையம் புதைத்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் சூட்டில் பிளாஸ்டிக் உள்ளே சுருங்கி, ஆறிய பிறகு ஓ-ரிங் தளர்ந்து நிற்கும்.

பைபாஸ் வால்வு வேண்டுமா?

கார்ட்ரிட்ஜ் அடைத்தால் ஓட்டத்தை வடிகட்டாமல் சுற்றி விடுவது இந்த வால்வு. எஞ்சின், கியர்பாக்ஸ் மசகு எண்ணெய்க்கு வேண்டும். அழுக்கு எண்ணெய் ஓடுவது, எண்ணெயே ஓடாததைவிட மேல். மருந்து, குடிநீர், சுவாசக் காற்று, சர்வோ வால்வுக்கு (நுட்பமான கட்டுப்பாட்டு வால்வு) முன்னால் என்றால் வேண்டவே வேண்டாம்.

கார்பன் கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

அழுத்தமானியால் முடியாது. வாயுவை ஈர்த்து நிரம்பிய கார்பனும் புதிய கார்பனும் ஒரே இழப்பைத்தான் காட்டும். கணக்கு, கடிகாரம், அல்லது வெளியேறும் பக்கத்தில் சோதனை, இவைதான் வழி. வடிவமைப்பில் முக்கியம் தொடர்பு நேரம்: 0.8 லிட்டர் கார்பன் வழியே நிமிடத்துக்கு 4 லிட்டர் போனால் 12 நொடி. குளோரின் சட்டென்று போகும், குளோரமினுக்கு இன்னும் நேரம் தேவை.

குருணைக் கார்பனைப் படுக்கையாகப் பொருத்தினால் அது அமர்ந்து மேலே இடைவெளி விழும், தண்ணீரோ காற்றோ அந்த வழியே ஓடிவிடும். ஸ்பிரிங் அல்லது நுரைத் தட்டால் எப்போதும் அழுத்தி வையுங்கள். முகக்கவசக் கார்ட்ரிட்ஜ்களில் ஈரக்காற்று கார்பனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கரைப்பான் ஆவிக்கான ஆயுள் குறையும். ஐரோப்பிய தரத்தில் பழுப்பு கரிம ஆவிக்கு, சாம்பல் குளோரின் போன்ற கனிம வாயுக்களுக்கு, மஞ்சள் கந்தக டையாக்சைடு போன்ற அமில வாயுக்களுக்கு, பச்சை அம்மோனியாவுக்கு. ஒன்றை இன்னொன்றுக்குப் போட்டால் பாதுகாப்பு இல்லை.

தூசி சேகரிப்பான் கார்ட்ரிட்ஜின் மேல்பகுதி மட்டும் ஏன் அடைத்துக்கொள்கிறது?

கார்ட்ரிட்ஜைச் சுத்தம் செய்ய உள்ளே ஊதும் காற்றுத் துடிப்பு, நாசிலுக்கு மிக அருகில் இன்னும் விரிந்திருக்காது. அந்த இடத்தில் அது சுவரைத் தள்ளாமல் உள்நோக்கி இழுக்கவும் செய்யும். நாசிலின் தூரத்தைச் சரிசெய்யுங்கள், மடிப்பு இடைவெளியைக் கூட்டுங்கள். தீப்பற்றும் தூசி என்றால் மின்கடத்தும் மீடியாவும், எண்ட் கேப்பிலிருந்து ஹவுசிங் வரை புவி இணைப்பும் தேவை.

மாற்றுவதை எளிதாக்க எதைக் கவனிக்க வேண்டும்?

ஹவுசிங்குக்கு மேலே கார்ட்ரிட்ஜின் முழு நீளத்துக்கு இடம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் இதுதான் அடிக்கடி விடுபடுகிறது. எடையை அழுக்கோடும் ஈரத்தோடும் கணக்கிடுங்கள். காற்று திறப்பு இல்லாத ஹவுசிங்கில் கார்ட்ரிட்ஜ் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், இழுப்பவர் அதை ஆட்டி ஆட்டி அடாப்டரை உடைப்பார். பூட்டும்போதும் ஓ-ரிங் முனைக்கு அருகே பிடித்துத்தான் தள்ள வேண்டும், நுனியைப் பிடித்து அல்ல.

தவறான வகை நுழையக் கூடாது என்றால் எச்சரிக்கை வாசகம் உதவாது. பயோனெட் (நுழைத்துத் திருகிப் பூட்டும்) காதுகளின் எண்ணிக்கையையோ இடத்தையோ மாற்றுங்கள். நுழையவே முடியாதது மட்டுமே உண்மையான தடுப்பு.

என்னென்ன சோதனை செய்வது?

ஹைட்ராலிக் வகைக்கு முதலில் ஐ.எஸ்.ஓ. 2942. கார்ட்ரிட்ஜை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் படுக்கையாக மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அமிழ்த்தி, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது. முதல் குமிழி வரும் இடம் எல்லாம் சொல்லும். கேப் விளிம்பில் வந்தால் ஒட்டுதல், நீளவாக்குக் கோட்டில் வந்தால் பக்கத் தையல், மடிப்பு நுனியில் வந்தால் மடிக்கும் இயந்திரத்தின் கத்தி. பிறகு ஓட்ட இழப்புக்கு ஐ.எஸ்.ஓ. 3968, பீட்டாவுக்கு 16889, நசுங்கலுக்கு 2941. எல்லாம் முடிந்ததும் 2942-ஐ மீண்டும் செய்யாவிட்டால் பாதிச் சோதனைதான் செய்தீர்கள்.

கிருமி நீக்க மெம்பிரேனுக்கு அளவுகோல் ஏ.எஸ்.டி.எம். எஃப்838: பிரெவுண்டிமோனாஸ் டிமினுட்டா என்ற பாக்டீரியா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கோடி வீதம் கொடுத்தும் மறுபக்கம் ஒன்றுகூட வரக் கூடாது.

புத்தம்புது மெம்பிரேன் கார்ட்ரிட்ஜ் குமிழிச் சோதனையில் தோற்றுவிட்டது. தூக்கிப் போடவா?

இந்தச் சோதனை, நனைந்த மெம்பிரேனைக் காற்று எந்த அழுத்தத்தில் தாண்டுகிறது என்று பார்ப்பது. அவசரப்பட வேண்டாம், பெரும்பாலும் அது முழுதாக நனையவில்லை. ஹவுசிங்கின் காற்றை வெளியேற்றி, வெளியேறும் பக்கம் கொஞ்சம் எதிரழுத்தம் வைத்து, மீண்டும் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள். மறுபடி தோற்றால் ஓ-ரிங்கை எடுத்துப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ஆல்கஹால்–தண்ணீர் கலவையில் நனைத்துச் சோதிக்கலாம். அப்போது எல்லை அழுத்தம் தண்ணீருக்கு உரியதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும், அந்தக் கலவைக்குத் தயாரிப்பாளர் தந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அதிலும் தோற்றால்தான் குப்பைக்கு.

ஓடும்போது அழுத்த வேறுபாடு திடீரென்று இறங்கியது. நல்லதுதானே?

இல்லை. அழுக்கு தானாகக் காணாமல் போகாது. ஓட்டம் குறையாமல், திரவம் சூடாகாமல் இறங்கினால் மடிப்பு கிழிந்தது, கோர் நசுங்கியது, அல்லது ஓ-ரிங் இடம் நழுவியது. உடனே நிறுத்தி, கார்ட்ரிட்ஜை வெளியே எடுங்கள். எடுத்த பிறகு ஹவுசிங்கின் அடியிலும், கீழ்ப்பக்கக் குழாயிலும் பாருங்கள், தப்பிய அழுக்கு அங்கே இருக்கும். அதைக் கழுவாமல் புதியதைப் பூட்டினால் அந்த அழுக்கு நேராகக் கீழே இருக்கும் இயந்திரத்துக்குப் போகும்.